வாக்கை மீறவைத்த சுகன்யா

பிம்ப்ரி மெட்ரோ படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது சுகன்யாவின் கணவர் கூப்பிட்டார். மூன்று நாள் காய்ச்சல்தான், காலையில் சுகன்யா போய்விட்டார் என்றார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. இனி ஒரு குழந்தை ஏதாவது சொன்னால் யாரைக் கூப்பிடுவேன் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக அப்புறம் வெட்கப்பட்டேன்.

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அவருடன் பள்ளிகளில் வேலை பார்த்தவர்கள். எங்கள் உறவு கொஞ்சம் கோணலானது. வங்கி வேலையை விட்டுவிட்டு நாற்பத்தேழு வயதில் ஆலோசகர் படிப்பில் சேர்ந்த என்னைப் பயிற்சிக்காகத் தாபோடியில் ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே என் வேலையை மேற்பார்வையிட்டவர் சுகன்யா. பாணேரிலிருந்து ஸ்கூட்டியில் வரும் கோயம்புத்தூர்ப் பெண், என்னைவிடப் பதினோரு வயது இளையவர். நான் மேடம் என்பேன், அவர் அக்கா என்பார். அக்கா அக்கா என்றபடியே என் அறிக்கையில் பாதியை அடித்துவிடுவார். "பிள்ளை சொன்னத எழுதுங்க்கா. நீங்க நெனச்சத வீட்டுக்குப் போயி நெனச்சுக்கங்க."

ஒருமுறை, அழுத குழந்தைக்கு டிஷ்யூ எடுத்துக் கொடுத்துவிட்டேன். "பெட்டி பக்கத்துல இருந்தாப் போதும். நாம எடுத்து நீட்டுனா, அழுதது போதும்னு சொல்ற மாதிரி ஆயிருமுங்க்கா," என்றார். அன்றிலிருந்து என் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு குழந்தையிடமும் முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: நீ சொல்வது நமக்குள் இருக்கும், ஆனால் உன் உயிருக்கு ஆபத்து என்றால் மற்றவர்களிடம் சொல்லிவிடுவேன். இந்தியிலும் ஆங்கிலத்திலும் எனக்கு அது மனப்பாடம். ஒருநாள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். நான் தமிழ் என்று தெரிந்ததும் தட்டுத்தடுமாறித் தமிழில் பேசினாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த வாக்கியம் தமிழில் மிரட்டல் மாதிரி இருக்குமே என்று தோன்றியது. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், கண்ணு," என்றேன். அதை நம்பித்தான் அவள் சொன்னாள்: "எனக்கு இருக்கவே வேணாம், ஆன்ட்டி. இன்னும் ரெண்டு நாள்தான்."

மணி அடித்தது. அவள் பள்ளி வேனில் ஏறிப் போய்விட்டாள்.

இருபது நிமிடம் நான் வாயைத் திறக்கவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டேனே என்று உட்கார்ந்திருந்தேன். என் முகத்தைப் பார்த்து சுகன்யாதான் கேட்டார். சொன்னேன். திட்டவில்லை. பள்ளி முதல்வரிடம் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு ஃபோன் போட்டார். எடுக்கவில்லை. மூன்று முறை போட்டும் எடுக்கவில்லை. வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே பைக்குள் தேடினார். "உங்களுக்கும் பயமா, மேடம்?" என்றேன்.

"பயமாத்தானுங்க்கா இருக்குது. வண்டியில ஏறுங்க."

அவள் வீடு குவார்ட்டர்ஸில் இரண்டாவது மாடி. பெல் அடித்தோம். யாரும் வரவில்லை. மறுபடி அடித்தோம். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். வாழ்நாளில் அப்படி நான் பயந்ததில்லை. நாலாவது பெல்லுக்குக் கதவு திறந்தது. யூனிஃபார்முடன் நின்றாள். எங்கள் இருவரையும் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"சொல்ல மாட்டேன்னு சொன்னீங்களே."

பதிலை சுகன்யா என்னிடமே விட்டுவிட்டார். "சொல்லிட்டேன் கண்ணு. அப்படி வாக்குக் கொடுத்ததுதான் என் தப்பு," என்றேன். கடையிலிருந்து அவள் அம்மா வரும்வரை அங்கேயே இருந்தோம். மறுநாள் மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள்.

சில வாரங்களில் அவள் பள்ளிக்குத் திரும்பினாள். என் பயிற்சி முடியும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வராந்தாவில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்கு அது வலித்தது, சுகன்யாவிடம் புலம்பினேன். "உங்க மேல கோவிச்சுக்கறதுக்கு அவ இருக்கறாளுங்க்கா. எனக்கு அது போதும்," என்றார்.

இப்போது வேறொரு பள்ளியில் தனியாக வேலை பார்க்கிறேன். அந்த வாக்கியத்தை எந்த மொழியிலும் விடாமல் சொல்கிறேன். கேட்டதும் சில குழந்தைகள் எழுந்து போய்விடுவார்கள். நேற்றும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி போய்விட்டாள். கை தானாக சுகன்யாவின் நம்பரைத் தேடி எடுத்தது. அப்புறம்தான் நினைவு வந்தது.

பயந்துகொண்டே போய்க் கதவைத் தட்டுவது. சுகன்யா எனக்கு விட்டுப்போனது அதுதான். ஃபோனை வைத்துவிட்டு அந்தப் பெண்ணின் வகுப்புக்குப் போனேன். அவள் வெளியே வரும்வரை நின்றேன்.