பழுப்பு நிறம் சொன்னதும் சொல்லாததும்

மருத்துவமனையின் பத்தாலஜி லேபில் திசுவை மெலிதாகச் சீவி, நிறமேற்றி, ஸ்லைடு தயாரிப்பது என் வேலை. புற்றுநோய் மருத்துவர் மலையாளி. எல்லையோர எருத்தேன்பதிப் பக்கத்துத் தமிழர்கள் வந்தால், பேச்சை எடுத்துச் சொல்ல என்னைக் கூப்பிடுவார். அப்படித்தான் பழனிச்சாமி பழக்கம். வேலந்தாவளம் சந்தையில் மாட்டுத் தரகர். குரல்வளையில் கட்டி.

"குரல்வளையை எடுக்கணும். பின்னே பேச முடியாது," என்றார் மருத்துவர்.

மனைவி சரசாள் தயங்கவில்லை. "எடுத்துப் போடுங்க டாக்டர். துண்டுக்குள்ள வெரலப் புடிச்சு வெல பேசற மனுசனுக்குச் சத்தம் எதுக்குங்க?"

"சந்தைல ஊமையா நின்னா எவன் மதிப்பான்? வேற வழி பாருங்க," என்றார் பழனிச்சாமி.

அதற்காகத்தான் ஈஜிஎஃப்ஆர் பரிசோதனை. வளரச் சொல்லும் சேதியை வாங்கும் ரிசெப்டர்கள், அதாவது ஏற்பிகள், செல்லின் மேல் இருக்கும். அவற்றை உண்டாக்கும் ஜீன் அளவு மீறி வேலை செய்தால் ஏற்பிகள் பெருகும்; செல் ஓயாமல் பிரியும். வாய், தொண்டைப் புற்றில் இது அடிக்கடி காண்பது. ஏற்பி இருக்கும் இடம் ஸ்லைடில் பழுப்பாகத் தெரியும்; அவருடையதில் செல்களின் ஓரமெல்லாம் அடர்ந்த பழுப்பு.

"ரிசெப்டர் நிறைய உண்டு. ரேடியேஷனோட, அதை அடைக்கிற ஊசியும் போடலாம். பட்சே, நிறம் கூடினா மருந்துக்குக் கட்டி கேக்கும்னு உறுதி இல்லை. ஆபரேஷன்தான் நல்லது," என்றார் மருத்துவர்.

ஒன்று விடாமல் சொன்னேன். பழனிச்சாமிக்கு ஒன்றுதான் காதில் விழுந்தது.

"அடைக்க ஊசி இருக்குதில்லீங்க? அது போதுமுங்க."

ரேடியேஷனும் ஊசியும் முடிந்ததும் கட்டி சுருங்கியது. ஒருநாள் லேப் வாசலில் நின்று, "ஏனுங்க மேடம், சத்தம் கேக்குதுங்களா?" என்று கூவினார். எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த மழைக்காலத்தில் கட்டி திரும்ப வந்தது, நுரையீரலுக்கும் போயிருந்தது. ஏற்பியை அடைத்தாலும் செல் வளர வேறு பாதை பிடித்துவிடும் என்றார் மருத்துவர். இனி ஆபரேஷனுக்கு வழியில்லை.

வார்டில் பார்த்தபோது குரல் காற்றாக வந்தது. "சரசா சொன்னப்பவே தொண்டைய அறுக்கக் குடுத்திருக்கோணுமுங்க. சத்தத்துக்கு ஆசப்பட்டு இவளத் தனியா உட்டுட்டுப் போறனுங்க."

சரசாள் அவர் வாயைக் கையால் பொத்தினார். "பேசாதீங்க," என்றார். "மூச்சு வாங்குது."

அந்த வாரமே போய்விட்டார்.

லேபுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நிறம் பளிச்சென்று விழுந்தால் நமக்குத் திருப்திதான். செல்லில் என்ன இருக்கிறது என்பதைத்தான் அது காட்டும். ஆள் பிழைப்பாரா என்று காட்டாது. பயந்திருப்பவர்கள் அதில் பிழைக்கும் வழியைத்தான் தேடுவார்கள். பழனிச்சாமிக்குப் பிறகு, பேச்சை எடுத்துச் சொன்னதும் நான் எழுந்து வந்ததில்லை. "என்ன புரிஞ்சுதுன்னு நீங்க சொல்லுங்க," என்று கேட்டு, அவர்கள் வாய் திறக்கும்வரை உட்கார்ந்திருப்பேன்.