சித்தீக் ஊரில் தங்கிய வருஷம்

கல்யாணமான நாளிலிருந்தே கமருன்னிஸாவுக்குப் புருஷன் விருந்தாளிதான். சித்தீக்குக்கு ஷார்ஜாவில் துணிக்கடை. எப்போதாவது அதிராம்பட்டினம் வருவார், பெட்டியைப் பிரிப்பார், சூடு ஆறுவதற்குள் மறுபடி கட்டுவார்.

ஒரு தடவை நொண்டிக்கொண்டு வந்து இறங்கினார். கடைத்தெரு வரை நடந்தாலே கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. தஞ்சாவூரில் காட்டினார்கள். தொடையில் ரத்தக்குழாய் அடைத்திருந்தது. காலிலிருந்தே வேறொரு குழாயை எடுத்து, அடைப்பைத் தாண்டி ஒட்டினார்கள்.

காயம் ஆறியதும், ஆபரேஷன் செய்த டாக்டர் எல்சி இருவரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"ஒட்டின குழாய் நாளாவட்டத்துல உள்ள தடிச்சுச் சுருங்கலாம். அதைத் தடுக்குமான்னு ஒரு மருந்தைச் சோதிச்சுப் பாக்குறோம். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. ஒரு வருஷம் ஸ்கேனுக்கு வந்து போகணும். இஷ்டம் இருந்தா சேருங்க, கட்டாயம் இல்ல."

"ஒரு வருஷமா? கடை என்னாவுறது?" என்றார் சித்தீக்.

"சேருங்க மச்சான்" என்றாள் கமருன்னிஸா. சொன்ன வேகத்தில் அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

அவர் சேர்ந்தார். அந்த வருஷம் முழுக்க வீட்டில் ஆண் குரல் கேட்டது. நாள்பட்ட மீனை வாங்கி வந்து அவளிடம் திட்டு வாங்கினார். தண்ணீர் மோட்டாரோடு சண்டை போட்டார். மத்தியானத்தில் அவர் குறட்டை விட்டால், அவள் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஸ்கேனுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டுவிட்டு, அவர் போனில் கடையை விசாரிப்பார். வெளியே நடவு வயல்கள் ஓடும்.

கடைசி ஸ்கேன் அன்று அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து துஆவுக்குக் கையேந்தினாள். என்ன கேட்பதென்று தெரியவில்லை. குழாய் நன்றாக இருந்தால் போய்விடுவார். கெட்டுப்போகட்டும் என்று எந்த வாயால் கேட்பது?

"அவங்க கால் நல்லா இருக்கட்டும், ரப்பே" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கால் நன்றாகவே இருந்தது. அந்த மாதமே விமானம் ஏறிவிட்டார்.

சோதனை எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் எல்சி கமருன்னிஸாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: மருந்தால் பெரிய பலன் தெரியவில்லை, சித்தீக் சாப்பிட்டதும் வெறும் மாத்திரைதான். அதை அவள் ஷார்ஜாவுக்குப் போன் போட்டுச் சொன்னதும் சித்தீக் சிரித்தார்.

"அப்ப ஒரு வருஷம் சும்மாதான் இருந்தேனா?"

"சும்மா இல்ல மச்சான்."

அந்தப் பக்கம் யாரோ துணிக்கு விலை கேட்டார்கள்.

"ஆள் வந்துட்டாங்க. வச்சிடவா?"

"வைக்காதீங்க. நீங்க வியாபாரத்தைப் பாருங்க, நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."