திரும்பிப் பார்க்கக் கூடாத தோட்டம்

எங்கள் தெரு முனையில் நாங்கள் கீரைத்தோட்டம் போட்ட கதையைச் சொல்வதற்கு முன், அந்த இடத்தில் அதுவரை என்ன போட்டுக்கொண்டிருந்தோம் என்று சொல்லியாக வேண்டும். திருஷ்டியைப் போட்டுக்கொண்டிருந்தோம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம், மூன்று தெருக்கள் சேரும் முச்சந்தி அது. மனை பிரித்து விற்றவர்கள் 'பூங்கா இடம்' என்று ஒரு பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். பூங்கா வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சுற்றிப்போட்ட உப்பும் மிளகாயும், கடை திறந்தால் எலுமிச்சம்பழம், லாரி வாங்கினால் பூசணிக்காய் என்று எல்லாம் அங்கே வந்து விழுந்தன. போட்டுவிட்டு வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கழித்தது கூடவே வந்துவிடும். இது எங்கள் பகுதியில் தத்தி நடக்கிற குழந்தைக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவருக்கு இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுகிற வேலை. பழைய வண்டியை உதைத்து உதைத்து அலுத்துப்போய், ஒரு ஆயுத பூஜைக்குப் புது பைக் எடுத்தார். சக்கரத்தில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி, முச்சந்தியில் பூசணிக்காய் உடைத்தோம். உடைத்த கையோடு முணுமுணுத்தார். "இன்னாத்துக்கு இப்டி காய வீணாக்குறோமோ. கூட்டு வெச்சா ரெண்டு நாளு துன்லாம்." பூசணிக்காய்க் கூட்டு என்றால் அவருக்கு உயிர். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தவர், பாதி வழியில் திரும்பினார். வாசலில் நின்றிருந்த என் மாமியார் அதைப் பார்த்துவிட்டார். தீபாவளி வருவதற்குள், எளாவூர் பக்கம் நெடுஞ்சாலையில் ஒரு லாரி அந்தப் புது பைக்கை இடித்தது. அத்தோடு அவர் போய்விட்டார்.

பூசணிக்காயைத் திரும்பிப் பார்த்தான், அதனால்தான் போனான் என்று மாமியார் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னார். பால்காரரிடம் சொன்னார். பொன்னேரியில் இருக்கும் சொந்தங்களுக்குப் போன் போட்டுச் சொன்னார். என்னிடம் சொல்லும்போது மட்டும், சொல்லி முடித்துவிட்டு என் முகத்தையே பார்ப்பார். நான் வாயைத் திறப்பதில்லை. ஏனென்றால் என் வீட்டுக்காரர் பூசணிக்காயைப் பார்க்கவில்லை. என் செருப்பு வார் அறுந்து, கற்பூரத் தட்டோடு நான் பின்னாலேயே நின்றுவிட்டேன். நான் வருகிறேனா என்று பார்த்தார். என் கோலத்தைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான்.

இதில் என் தப்பு இருப்பதாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஒரு லாரிக்காரன் கண்மண் தெரியாமல் ஓட்டியதற்கு என் செருப்பு வார் என்ன செய்யும்? ஆனால் மாமியார் அப்படி நினைக்க மாட்டார். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவருக்குப் பழி போட ஒரு முகம் வேண்டும். இதுவரை பூசணிக்காய் போதுமானதாக இருந்தது. உண்மை தெரிந்தால் அந்த இடத்துக்கு நான் வருவேன். அவரை விட்டால் எனக்கும் வேறு ஆளில்லை. நான் வீட்டிலேயே துணி தைத்துச் சம்பாதிக்கிறவள். நாள் முழுக்க நாங்கள் இருவரும் ஒரே கூரைக்குக் கீழேதான் இருந்தாக வேண்டும்.

தோட்டம் எதிர்வீட்டுக்காரியின் யோசனை. ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். டெங்கு வந்த வருஷம் பஞ்சாயத்துக்காரர்கள் முச்சந்தியைப் பொக்லைன் வைத்துச் சுத்தம் செய்தார்கள். சும்மா விட்டால் மறுபடியும் குப்பைதான் சேரும், ஆளுக்கொரு பாத்தி போடுவோம் என்று அவள் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். எந்த இடம் என்று சொன்னதும் ஒருத்தருக்கு இடுப்பு வலி வந்துவிட்டது, இன்னொருத்தருக்கு ஷிப்ட் மாறிவிட்டது. கடைசியில் மிஞ்சியது மூன்று வீடுகள். அதில் நானும் ஒருத்தி என்றதும் எதிர்வீட்டுக்காரியே கொஞ்சம் பயந்துபோனாள். எனக்கு அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போய்ப் போய் அலுத்திருந்தது. பயமுறுத்துகிற இடத்தின் தலைமேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டால் என்ன என்று தோன்றிவிட்டது.

கொத்தினால் ஆலைச் சாம்பலும் செங்கல் துண்டும் வந்தன. அவற்றோடு, கறுத்துச் சுருங்கிய எலுமிச்சம்பழங்கள், துருப்பிடித்த ஆணிகள், பச்சைத் துணியில் முடிந்த நாணயங்கள், கை உடைந்த ஒரு மரப்பாச்சி, சோழிகள். யாரோ யாருக்காகவோ பயந்து பயந்து சுற்றிப் போட்டவை. மூன்றாவது வீட்டுக்காரி கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்தாள். நான் வெறுங்கையால் எடுத்துக் கூடையில் போட்டேன். அந்த மரப்பாச்சியைப் போட்டவளின் பிள்ளை பிழைத்ததா என்று மட்டும் அன்றைக்கு முழுக்க மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒரு டிராக்டர் வண்டல் மண் கொட்டி, தொழுவங்களில் சாணம் வாங்கிப் போட்டு, சுற்றிலும் வலை கட்டி, நுழைய ஒரு மூங்கில் படலும் வைத்தோம். முளைக்கீரை வந்தது, வெண்டை வந்தது, அவரை பந்தலில் ஏறியது. ஆனால் ஒரு விஷயம் விட்டுப்போகவில்லை. தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் போகிறவர்கள் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் படலைச் சாத்தியதும் எல்லோருக்கும் கழுத்து இறுகிவிடும். ஒருநாள் மூன்றாவது வீட்டுக்காரி குழாயை மூட மறந்துவிட்டாள். தெருவில் பாதி தூரம் போன பிறகு ஞாபகம் வந்திருக்கிறது. அங்கேயே திரும்புவதற்கு மனசு வராமல், நேரே வீட்டுக்குப் போய், அடுத்த தெரு வழியாகச் சுற்றி வந்திருக்கிறாள். அதற்குள் கீரைப் பாத்தி குளமாகிவிட்டது. அவளைக் கண்டபடி திட்டினேன். திட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தபோது நானும் திரும்பவில்லை.

ஆடியில் நல்ல மழை பெய்தது. பலகைக்குப் பக்கத்தில், நாங்கள் எதுவுமே விதைக்காத மூலையில், ஒரு பூசணிக்கொடி கிளம்பியது. என் வீட்டுக்காரர் காயை உடைத்த இடம் அது. அந்த மூலையில் எத்தனையோ பேர் உடைத்திருக்கிறார்கள், எந்த லாரிக்காரன் காயின் விதையோ என்று அறிவு சொன்னது. கொடியோ வலையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கமாகவே நகர்ந்தது. காலையில் போய்ப் பார்த்தால் நுனி ஒரு சாண் முன்னே வந்திருக்கும். அதன் பக்கத்தில் குனிந்து களை எடுக்கும்போதெல்லாம், சற்றுத் தள்ளி யாரோ வண்டியைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்றே இருக்கும். நிமிர்ந்தால் யாரும் இருக்க மாட்டார்கள்.

கழித்துப் போட்டதில் முளைத்தது, யார் வீட்டுப் பீடையோ, பிடுங்கிவிடலாம் என்றார்கள் மற்ற இருவரும். கையை வைத்துப் பாருங்கள் என்றேன். நான் சொன்ன விதத்தில் இருவரும் தங்கள் பாத்திக்குப் போய்விட்டார்கள். ஆயுத பூஜை நெருங்கியபோது கொடியில் இரண்டு காய்கள் தெரிந்தன. அடுத்த தெரு லாரிக்காரர், நம்ம தோட்டத்துக் காய்தானே, ஒன்று கொடுங்கள் உடைப்பதற்கு என்று ஆள் அனுப்பினார். தோட்டத்துக்கு ஒரு கூடை மண்ணள்ளிப் போட ஆளில்லை, உடைப்பதற்கு மட்டும் உறவு வந்துவிட்டது. மார்க்கெட்டில் வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன்.

மாமியார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தோட்டத்துக் கீரையைச் சமைக்கிற நாளில் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவார். ரேஷன் கடைக்கும் முச்சந்தி வழியாகப் போக மாட்டார். அப்படிப்பட்டவர், வீட்டுக்காரரின் திதிக்கு முதல்நாள் காலை நான் தோட்டத்தில் இருந்தபோது, படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். நேரே கொடியிடம் போனார். பிடுங்கி எறியத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் குறுக்கே போய் நின்றேன்.

"இது அவன் ஒடச்ச காய்ல மொளச்சதா?" என்று கேட்டார்.

"தெரியல அத்தே. எத்தினியோ பேரு ஒடச்ச எடம். எனக்கு அப்டித்தான் தோணுது."

குனிந்து பெரிய காயைத் தடவினார். அதன் மேலிருந்த வெள்ளைச் சாம்பல் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீதான பின்னால நின்னுகினு இருந்த. அன்னிக்கி அவன் இன்னாத்த பாத்தான்?"

இரண்டு வருஷமாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது இதைக் கேட்கத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. பொய் சொல்லியிருக்கலாம். பூசணிக்காயைத்தான் என்று ஒரு வார்த்தை போதும், வீடு அப்படியே இருந்திருக்கும். அந்தக் கொடிக்கு முன்னால் நின்றுகொண்டு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

"என்னத்தான் அத்தே பாத்தாரு. செருப்பு அறுந்துபோச்சி. நான் வரேனான்னு பாத்தாரு. பாத்துட்டு சிரிச்சாரு."

தெருவில் ஷிப்டுக்குப் போகிற பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"சிரிச்சானா?" என்றார்.

"ஆமா அத்தே."

"நல்லா சிரிச்சானா?"

"நல்லா சிரிச்சாரு."

பாத்தி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன். தொடுவதற்குத் தைரியம் வரவில்லை. பிறகு அவரே எழுந்து, காயைப் பறிக்கச் சொன்னார். நாளைக்கு இலையில் கூட்டு வைக்க வேண்டும் என்றார். பறித்துக் கொடுத்ததும் கையில் வாங்கிக்கொண்டு, "நீ முன்னால போ. நான் வரேன்" என்றார்.

படலைத் தாண்டி நடந்தேன். கழுத்து வழக்கம்போல இறுகியது. பின்னால் காலடிச் சத்தம் கேட்கவில்லை. பாதி வழியில், என் வீட்டுக்காரர் நின்ற அதே இடத்தில், நான் நின்றேன். மாமியார் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். வந்துகொண்டிருந்தார், பிள்ளையைத் தூக்குவதுபோல் காயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மெதுவாக. அவருக்குப் பின்னால் முச்சந்தியும் தோட்டமும் தெரிந்தன. வேறு யாரும் வரவில்லை. வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.