படிவத்தில் அண்ணரின் பெயர்

ஜெனோஜாவுக்குக் கொம்பு முளைத்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். மெல்பேர்ணின் நோபல் பார்க் பகுதியில் எங்கள் வாசலில் கமராப் பையோடு வந்து நின்று, "அன்ரி, உங்கட ரெண்டு பேரின்ர கதையையும் பதியவேணும்" என்று கேட்டால் வேறென்ன நினைக்க? எங்கள் கதை என்றால், இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் குடும்பம் நடத்தும் கதை. ஊருக்கு நாங்கள் வெறும் சிநேகிதிகள். போடி என்றேன். அவள் போகவில்லை.

மன்னாரில் பிறந்து ஒன்பது வயதில் மெல்பேர்ணுக்கு வந்தவள். சனி ஞாயிறுகளில் கலியாண வீடு, பெண் பிள்ளைகளின் சாமத்திய வீடு, தேவாலயத்தில் முதல்நன்மை என்று ஓடி ஓடிப் படம் எடுப்பாள். அங்கே "பிள்ளை, உமக்கு எப்ப கலியாணம்?" என்று கேட்காத அன்ரி கிடையாது. "கொஞ்சம் சிரியுங்கோ அன்ரி" என்று கமராவைத் தூக்கிவிடுவாள். கேள்வி அதோடு சரி.

கிழமை நாட்களில் எங்களைப் போன்றவர்களைத் தேடிப்போவாள். ஒருமுறை நகரத்தில் லெஸ்பியன் பெண்களின் பழைய ஊர்வலப் படங்களைக் கண்காட்சியாக வைத்திருந்தார்களாம். நாள் முழுக்கத் தேடியும் எங்கள் நிறத்தில் ஒரு முகம்கூட இல்லை. "நாங்களும் இருந்தனாங்கள் எண்டதுக்கு ஒரு சாட்சி வேணும் அன்ரி" என்றாள். பதினொரு வருஷத்தில் நாற்பத்தொரு பேரைப் பதிந்தாள். முகம் காட்டப் பயந்தவர்களின் கைகளை மட்டும் எடுத்தாள். கீரை ஆயும் கை, தையல் மெசினில் ஒரு கை, ஸ்டியரிங்கில் ஒரு கை.

அவளை எல்லோரும் நம்பியதற்குக் காரணம் ஒரு தாள். எப்போது கேட்டாலும் மறுபேச்சில்லாமல் பதிவை அழித்துவிடுவேன் என்று அதில் கையெழுத்து வைத்து எங்களுக்கும் ஒரு பிரதி தருவாள். நாங்கள் செத்துப்போனால் அந்த உரிமை யாருக்கு என்று நாங்கள் பெயர் எழுதக் கீழே ஒரு கோடு இருக்கும். வினை அந்தக் கோட்டில்தான் வந்தது.

அந்த நாற்பத்தொரு பேரில் ஒருத்தி பற்றிமா மாசியில் மாரடைப்பில் போய்விட்டாள். அவளும் விஜயாவும் இருபத்திரண்டு வருஷம் ஒன்றாக வாழ்ந்தவர்கள். விஜயா திருச்சிக்காரி, வாயாடி. செத்தவீட்டுப் பூசையில், கோயிலில் இருக்கிற முன் வாங்கு குடும்பத்துக்கு மட்டும் என்றார்கள். விஜயா ஆறாவது வாங்கில் என் பக்கத்தில் வாய் திறக்காமல் இருந்தாள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு பற்றிமாவின் அண்ணர் கிறிஸ்ரியன் ஜெனோஜாவிடம் வந்தார். தங்கையின் பெட்டியில் அந்தத் தாளின் பிரதியைக் கண்டிருக்கிறார். கோட்டில் அவருடைய பெயர்.

"தங்கச்சி, எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். கலியாணம் பேசவேணும். எல்லாத்தையும் அழிச்சுவிடும்" என்றாராம். கையெடுத்துக் கும்பிட்டாராம்.

பற்றிமா ஏன் அவர் பெயரை எழுதினாள்? ஒரு காரணமும் இல்லை. விசா, வைத்தியசாலை, வேலை என்று எந்தப் படிவத்திலும் நெருங்கிய உறவு என்ற இடத்தைக் கண்டால் எங்கள் கை தானாக அண்ணர் தம்பி பெயரை எழுதிவிடும். விஜயா பக்கத்தில் இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்திருப்பாள். ஜெனோஜா லைற்றைச் சரிபார்த்தபடி தன் பிரதியை வாசிக்காமலே வாங்கி வைத்தாளாம்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "விசரி, அந்தப் பதிவில ஒரு கொப்பியை ஒளிச்சு வையடி. அந்தாளுக்கு என்ன தெரியப்போகுது?"

"வைக்கலாம் அன்ரி. பிறகு மற்ற நாப்பது பேருக்கும் நான் குடுத்த தாள் வெறுந்தாள்தானே."

அதற்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் ஏசிவிட்டு வந்தேன்.

அழிக்கும் முன் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று விஜயா கேட்டாள். நானும் கூடப் போனேன். மூன்று மணிநேரப் பதிவு. ஓரிடத்தில் பற்றிமா பேச்சை நிறுத்திவிட்டுக் குசினிப் பக்கம் திரும்பி, "விஜி, பால் பொங்குது, அடுப்பை நிப்பாட்டும்" என்கிறாள்.

"இது மட்டும் போதும்மா. வேற எதுவும் வேணாம், இத மட்டும் குடு" என்றாள் விஜயா.

ஜெனோஜா உடனே கிறிஸ்ரியனுக்குப் போன் எடுத்தாள். விஜயா கேட்டதைச் சொன்னாள். "அதில விஜி எண்டு பேர் வருகுதே தங்கச்சி" என்றார் அவர். அடுத்த நாள் அவர் கண்முன்னே எல்லாவற்றையும் அழித்தாள். அழித்தவளும் அழுதாள், அழிக்கச் சொன்னவரும் அழுதார். விஜயாவுக்கு அதனால் என்ன?

அதற்குப் பிறகுதான் ஜெனோஜா மற்றத் தாள்களை எடுத்து வாசித்தாள். முக்கால்வாசித் தாள்களில் அண்ணர்மாரும் தம்பிமாரும். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னாள். என்னிடம் நேரில் வந்தாள். என் தாளில் கனடாவில் இருக்கும் தம்பியின் பெயர், என் கையெழுத்திலேயே.

"மாத்தி எழுதுங்கோ அன்ரி" என்று புதுத்தாள் ஒன்றை வைத்துவிட்டுப் போனாள். அவள் முகத்தில் பழைய துணிச்சல் இல்லை.

மூன்று கிழமையாக அது குசினி மேசையில் கிடக்கிறது. என்னோடு பதினெட்டு வருஷமாக வாழ்பவள் மேசை துடைக்கும்போது அதைத் தூக்கித் துடைத்துவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வைக்கிறாள். நான் பேனையை எடுக்கிறேன். தம்பி அறிந்தால், அவன் பெண்சாதி அறிந்தால்? மூடி வைக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

இந்தக் கதையில் ஜெனோஜா, விஜயா, பற்றிமா என்று எல்லோர் பெயரையும் எழுதிவிட்டேன். என்னோடு வாழ்பவளின் பெயரை மட்டும் இதிலும் நான் எழுதவில்லை.