நின்றுபோனது திரும்பி வந்தபோது

மலேசியாவின் கிள்ளானில் ஒரு பூக்கடையில் மாலை கட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. ரவாங்கில் தொழிற்சாலை, பிரிக்பீல்ட்ஸில் மெஸ் அடுப்படி என்று ஓரிடத்தில் நில்லாமல் அலைந்தவளை அங்கே உட்காரவைத்தது மார்பில் வந்த கேன்சர்தான். இடது மார்பை எடுத்துவிட்டார்கள். பிறகு தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை, ஐந்து வருடத்துக்கு.

இரண்டாம் வருடம் ஒரு காலையில் பாவாடையில் ரத்தம் பார்த்தேன். மாதவிலக்கு நின்று நான்கு வருடம் ஆகியிருந்தது. பயம் வரவில்லை. மருந்து என் வயதைப் பின்னால் அனுப்பிவிட்டது என்றே பட்டது. பஸ் ஜன்னலில் தெரிந்த என் முகத்தை, யாரோ ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே போனேன். அன்றைக்கு மல்லிகை கூடப் புதிதாக மணத்தது.

தீட்டோடு சாமிப் பூவைத் தொடக்கூடாது. முதலாளியம்மாவிடம் மெல்லச் சொன்னேன்.

"என்னடி, கொமரி ஆயிட்டியா? மாப்பிள்ள பாக்கவா?"

கடையே சிரித்தது. என்னை வாழையிலை நறுக்கும் மூலைக்கு அனுப்பினார். மிதப்பதுபோல் உட்கார்ந்து நறுக்கினேன்.

மூன்று நாள் கழித்துத் தலைக்குக் குளித்துவிட்டு மாலைக்குத் திரும்புவது வழக்கம். எனக்கு ரத்தம் நிற்கவில்லை; மூலையிலேயே இருந்தேன். பதினோராம் நாள் முதலாளியம்மா சிரிக்கவில்லை.

"மூனு நாளு சரி. இது என்னடி இப்படிப் போவுது? டாக்டர்கிட்ட சொன்னியா?"

"அவரு மாரு பாக்குற டாக்டரு, அக்கா. அவருகிட்ட போயி இத எப்படிச் சொல்றது?"

"ஒடம்பு ஒன்னுதான லா! கெளம்பு."

ஆஸ்பத்திரியில் தமிழ் நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "ஆன்டி, அந்த மாத்திர கருப்பைய உள்ளுக்குள்ள தடிக்க வைக்கும். ரொம்பக் கொஞ்ச பேருக்கு அங்கயும் கேன்சர் வரும். நின்னதுக்கப்புறம் ரத்தம் பட்டா ஒடனே வரணும்லா."

மயக்கம் கொடுத்து, உள்ளே சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரம் காத்திருந்தேன். சோறு இறங்கவில்லை, வேலை மட்டும் நடந்தது.

"கேன்சர் இல்ல ஆன்டி. சதை வளர்ச்சிதான், எடுத்தாச்சு."

முதலாளியம்மா சத்தமாக அழுதுவிட்டார். நான் கேட்டது வேறு.

"அப்போ இனிமே வராதா?"

"வரக்கூடாது. வந்தா அன்னிக்கே இங்க வரணும்."

தலையாட்டினேன். பிழைத்துவிட்டேன் என்று தெரிந்தது. ஆனாலும் படியிறங்கும்போது, சில நாள் என்னோடு வந்து தங்கியிருந்த ஒரு பெண்ணை உள்ளேயே விட்டுவிட்டுப் போவதுபோல் இருந்தது.