காலி டிஸ்கும் தாமரைக்கோழியும்

ஒன்றுமில்லாததை, அதுவும் நூற்றிருபத்தைந்து ஜிபி அளவுக்கு ஒன்றுமில்லாததை, வெகு பக்குவமாகக் காப்பி எடுத்தவன் நான். எடுத்த காப்பியை எங்கே கொண்டு போட்டேன் என்றால், ஒரு டீச்சரின் எட்டு வருட உழைப்பின் தலையில். லேப்டாப் சர்வீஸ் கடை போட்டுப் பத்தொன்பது வருடம் ஆன பிறகு செய்த காரியம் இது. புதிதாகத் தொழிலுக்கு வந்தவர் செய்திருந்தால் அனுபவம் போதாது என்று சொல்லி விட்டுவிடுவார்கள். எனக்கு அந்தச் சலுகையும் இல்லை.

1. இட்லித் தட்டு

கடை ஆரல்வாய்மொழியில், ரோட்டைப் பார்த்த மாதிரி. என் நாற்காலியில் உட்கார்ந்தால் எதிரே வரிசையாகக் காற்றாலைகள். ஆனி, ஆடியில் மூன்று கை நீட்டி வானத்தில் எதையோ வழித்துக்கொண்டே இருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சொருகும். வேலை நேரத்தில் நான் கண்ட கனவுகளில் பாதி அந்த இறக்கைகளால் வந்தவை. மீதிப் பாதிக்கு நானே பொறுப்பு.

அந்த மாதங்களில் எடை குறைந்த எதுவும் எங்கள் ஊரில் வைத்த இடத்தில் இருக்காது. பில் பறக்கும், ஸ்க்ரூ உருளும். அதனால் நான் கழற்றும் ஸ்க்ரூக்களை இட்லித் தட்டில் போட்டு வைப்பேன். முதலில் கழற்றியது முதல் குழியில், அடுத்தது அடுத்ததில். மாட்டும்போது பின்னாலிருந்து எடுத்து வந்தால் நீள ஸ்க்ரூ குட்டை ஸ்க்ரூவின் ஓட்டையில் போய் போர்டைக் குத்தாது. இளைஞர்கள் ஸ்க்ரூ ஒட்டிக்கொள்ளும் காந்தப் பாய் வாங்கிக்கொள்ளலாம். இட்லி அவிக்க முடியாது, அவ்வளவுதான்.

எப்சிபா டீச்சர் ஒரு புதன்கிழமை காலை, பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் வந்தார். அஞ்சுகிராமம் பக்கம் ஒரு பள்ளியில் உயிரியல் எடுப்பவர். லேப்டாப்பைத் திறந்தால் எழுந்து வருவதற்குள் ஒரு காப்பி குடித்து முடிக்கலாம் என்றார். உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டி என்கிற புது வகை டிஸ்க் மாற்றினால் ஓடும் என்றேன். அதில் இருப்பதெல்லாம் அப்படியே வருமா என்று கேட்டார். அப்படியே வரும், ஐகான்கூட நகராது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"வேற எங்கயாவது ஒரு காப்பி இருக்கா டீச்சர்?"

"அதுக்குத்தானே அண்ணாச்சி உங்ககிட்ட தாறேன்."

அந்த இடத்தில் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். நம்மை நம்பி ஒருவர் இப்படிச் சொன்னால் வரும் கிறக்கம் இருக்கிறதே, அது பொல்லாதது. வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதில் என்ன இருக்கிறது என்பதையும் அவர் சொல்லிவிட்டுத்தான் போனார். குளத்துப் பறவைகளைப் பற்றி பிஎச்டி செய்கிறார். எட்டு வருடப் படங்கள். கடைசி அத்தியாயம் தேரூர் குளத்துத் தாமரைக்கோழியின் ஒரே ஒரு கூடு. முட்டை இட்ட நாளிலிருந்து குஞ்சு பொரிந்த நாள் வரை, விடியற்காலையில் போய் ஒரு நாள் விடாமல் எடுத்த படங்கள். ஆவணி முடிவதற்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

2. பழசு, புதுசு

அடி மூடியின் ஸ்க்ரூக்களை எடுத்து, பழைய ரீசார்ஜ் கார்டை இடுக்கில் விட்டு நெம்பி, மூடியைத் திறந்தேன். முதல் வேலையாகப் பேட்டரி கனெக்டரைக் கழற்றினேன். ஃபேனில் குளத்து மணல். ஊதிச் சுத்தம் செய்து ஹார்ட் டிஸ்கை வெளியே எடுத்தேன். இது வரைக்கும் என்னைப் பார்த்திருந்தால் நீங்களே உங்கள் லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்திருப்பீர்கள்.

காப்பி எடுக்க என்னிடம் ஒரு குளோனிங் டாக் உண்டு. இரண்டு குழி. A குழியில் பழைய டிஸ்க், B குழியில் புது டிஸ்க். பட்டனை அழுத்திப் பிடித்தால் A-யில் இருப்பது B-க்குப் போகும். கேள்வி கேட்காது, எச்சரிக்காது. எழுத்து இரண்டும் என் பெருவிரல் பட்டே தேய்ந்துவிட்டதால், 'பழசு', 'புதுசு' என்று காகிதத்தில் எழுதி அந்த எழுத்துகளின் மேலேயே டேப் போட்டு ஒட்டியிருந்தேன்.

அன்றைக்கு அடித்த காற்றில் இரண்டு சீட்டும் பிய்ந்து போயின. ஒன்று மேசைக்கு அடியில், ஒன்று பக்கத்து பேட்டரிக் கடை செல்லத்துரையின் சட்டையில். வாங்கி வந்தேன். தூசி விழாமல் இருக்கட்டும் என்று டாக்கைத் திருப்பி, காற்றுக்கு முதுகு காட்டி வைத்தேன். பழசு இடது பக்கம் என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. இடது பக்கம் ஒட்டினேன். டாக்கைத் திருப்பினால் அதன் இடமும் வலமும் மாறும் என்பது மட்டும் நினைவில் இல்லை. சீட்டைப் பார்த்து டிஸ்குகளைச் சொருகினேன். இரண்டும் ஐந்நூறு ஜிபி. பட்டனை அழுத்தினேன்.

வேலை ஓட ஆரம்பித்தது. நான்கு குட்டி விளக்கு. கால்வாசி முடிந்தால் ஒன்று நின்று எரியும். நான் காற்றாலையைப் பார்த்தேன். ஒரு கை இறங்க, ஒரு கை ஏற, எனக்கு எடை குறைந்துகொண்டே வந்தது. மலையும் கணவாயும் மெல்ல நகர்வது போலவும், கடை ஒரு வள்ளம் மாதிரி அதன் மேல் மிதப்பது போலவும் இருந்தது. சுகமான அரைமணி நேரம். அவ்வளவு சுகமாக யாரும் யாருடைய உழைப்பையும் அழித்திருக்க மாட்டார்கள்.

முதல் விளக்கு நின்று எரிந்தது. அதே நேரம் 'புதுசு' சீட்டு மறுபடி பறந்தது. அது இருந்த இடத்தில் வெயில் சாய்வாக விழுந்து, தேய்ந்த எழுத்தின் தடம் தெரிந்தது. A.

பிளக்கைப் பிடுங்கினேன்.

செல்லத்துரை எட்டிப் பார்த்தான். விஷயத்தைச் சொன்னேன். வெளியே தலையை நீட்டி வானத்தைப் பார்த்தான்.

"மின்னல் விழுந்துட்டுன்னு சொல்லு மக்கா. வானம் நல்லா தெளிஞ்சு கெடக்கு, நம்புவாங்க."

3. சாயங்காலம்

சாயங்காலம் நாலரைக்கு டீச்சர் பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குள் என்னிடம் மூன்று பொய் தயாராக இருந்தது. வைரஸ், கரண்ட், டிஸ்குக்கு வயதாகிவிட்டது. மூன்றும் நல்ல பொய்கள். அவர் குடையை மடக்கிக்கொண்டு "முடிஞ்சிட்டா அண்ணாச்சி?" என்று கேட்டதும் மூன்றும் எங்கேயோ போய்விட்டன. நடந்ததை நடந்தபடி சொன்னேன். காற்றைப் பற்றி மட்டும் தேவைக்கு அதிகமாகச் சொன்னேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எவ்வளவு போச்சு?"

முதல் நூற்றிருபத்தைந்து ஜிபி, அதில் ஜீரோ எழுதியாகிவிட்டது, அது யார் வந்தாலும் திரும்பாது என்றேன். C டிரைவ் நூற்றைம்பது, D அதற்குப் பின்னால் இருப்பதால் அது பிழைக்கும். எட்டு வருடப் படங்கள் எதில் என்று கேட்டேன். D-யில் என்றார். எனக்கு மூச்சு வந்தது.

"அந்தக் கூடு?"

"டெஸ்க்டாப்ல. கண்ணு முன்னால கெடக்கட்டும்னு வச்சிருந்தேன்."

டெஸ்க்டாப் என்பது C. வந்த மூச்சு போய்விட்டது. கேமரா கார்டில் இருக்குமா என்று கேட்டேன். அழித்து அழித்து எடுப்பாராம். அதையும் வாங்கிச் சுரண்டிப் பார்த்தேன். பள்ளி ஆண்டுவிழாதான் வந்தது.

4. பெயரில்லாத படங்கள்

அடுத்த இரண்டு நாள் வேறு வேலை தொடவில்லை. பழைய டிஸ்கில் இனி ஒரு எழுத்துகூட எழுதப்படாதபடி பூட்டு போட்டுவிட்டு ரெக்கவரி ஓடவிட்டேன். D முழுசாக வந்தது. ஒவ்வொரு ஃபோல்டரும் பெயரோடு, தேதியோடு. C-யில் நான் அழிக்காமல் விட்ட வாலிலிருந்தும் படங்கள் வந்தன. அவற்றுக்குப் பெயர் இல்லை, வெறும் எண். இங்கே ஒன்று, அங்கே ஒன்றாகத் திரையில் முளைத்தன.

அது வரைக்கும் எனக்குக் குளத்தில் நிற்பதெல்லாம் கொக்கு. அந்த இரண்டு நாளில் தாமரை இலைமேல் ஈரத்தில் கிடக்கும் நான்கு முட்டையைப் பார்த்தேன். செம்புப் பாத்திரம் தேய்த்த மினுக்கு. அதன்மேல் நீள வாலோடு ஒரு பறவை அடைகிடக்கிறது. அடுத்த படத்தில் மழை, அதே பறவை. அடுத்ததில் வெயில், அதே பறவை. ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எனக்கு எதுவும் கேட்கவில்லை. முழங்கால் அளவு தண்ணீரில் நிற்பது போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து டீச்சர் வந்தார். படங்களுக்குள்ளே இருந்த தேதியை வைத்து இருவருமாக வரிசைப்படுத்தினோம். இருபத்தெட்டு நாளில் பத்தொன்பது நாள் கிடைத்தது. அம்மைக் கோழி முட்டையைக் கைவிடாமல் என்ன பொறுமையாக இருக்கிறது என்று நான் உருகினேன். அது அப்பன் என்றார் டீச்சர். தாமரைக்கோழியில் ஆண்தான் அடைகாக்குமாம், பெண் முட்டையை இட்டுவிட்டு அடுத்த துணையைத் தேடிப் போய்விடுமாம். அதற்கப்புறம் மவுஸை மட்டும் நகர்த்தினேன்.

குஞ்சு பொரிந்த காலை கிடைக்கவில்லை. கடைசி எண் வரைக்கும் போய், மறுபடி முதலிலிருந்து வந்தோம். இல்லை. அத்தியாயமே அந்தக் காலையை வைத்துத்தான். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலை முந்தியில் துடைத்தார். துடைத்து முடிக்க ரொம்ப நேரம் ஆனது. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். அடையாளத்தை இடத்தில் ஒட்டாதீர்கள், டிஸ்கின் முதுகிலேயே பெயின்ட் பேனாவால் எழுதுங்கள். பட்டனைத் தொடுவதற்கு முன் டாக் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஒரு தரம் பாருங்கள். வேறு காப்பி இல்லை என்று சொல்கிறவருக்கு, முதலில் ஒரு காப்பி எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். கனவு காணலாம், தப்பில்லை. பட்டனை அழுத்தும் முன்பே கண்டு முடித்துவிட வேண்டும்.

கிடைத்ததையெல்லாம் புது டிஸ்கில் ஏற்றி, லேப்டாப்பை மாட்டிக் கொடுத்தேன். ஆன் செய்ததும் சட்டென்று எழுந்தது. அதைப் பாராட்ட இருவருக்கும் மனம் வரவில்லை. குளத்தின் கிழக்குக் கரைப் பக்கம் இன்னொரு ஆண் போன வாரம்தான் அடையில் உட்கார்ந்திருக்கிறது, ஆவணி பிறந்ததும் பொரியும், நாளையிலிருந்து அங்கே போகப் போகிறேன் என்றார் டீச்சர். எனக்கு அந்த இலையும் தண்ணீரும் கண்ணுக்குள்ளேயே நின்றன. கேமராப் பையைச் சுமக்க, குடை பிடிக்க, எதற்காவது நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

"வாங்க. எதையும் தொடாதீங்க."