கூறைச்சேலையும் ஒரு போத்தல் பெற்றோலும்

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, ஆனி மாதம். ஜெர்மனியின் எசன் நகரில் என் தம்பியின் கலியாணம். நாங்கள் இருந்தது ஸ்ருட்காட் பக்கம் என்பதால் காரில் நல்ல தூர ஓட்டம். மாப்பிள்ளையின் அக்கா நான் ஒருத்திதான். தோழியாக நிற்கும் வேலையும் என் தலையில். கூறைச்சேலை சென்னையில் இருந்து தெரிந்தவர் ஒருவர் மூலம் எங்கள் வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்திருந்தது. தாலி என் கைப்பையில், கூறையும் பலகாரத் தட்டுகளும் கார் டிக்கியில். விடியும் முன்பே வெளிக்கிட்டுவிட்டோம்.

என் கணவரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தங்கமான மனுஷன், ஆனால் பெற்றோல் விஷயத்தில் கொஞ்சம் விசர். யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் போத்தல் கணக்கில்தான் கிடைக்கும். நாலு துளி பெற்றோலில் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடியவர் இவர். வீட்டில் ஒரு போத்தல் பெற்றோல் வைத்திருந்தவன் அன்றைக்குப் பெரிய பணக்காரன். ஜெர்மனிக்கு வந்து இத்தனை வருஷமாகியும், திரும்பிய பக்கமெல்லாம் பெற்றோல் நிலையம் இருந்தும், அந்தப் பயம் இவரை விடவில்லை. போதாக்குறைக்கு எங்கள் பழைய காரில் பெற்றோல் காட்டும் முள்ளும் பழுது. கேட்கவா வேண்டும்! பெரிய கோலாப் போத்தல் ஒன்றில் பெற்றோலை நிரப்பி எப்போதும் டிக்கியில் வைத்திருப்பார். "உங்களுக்கு என்னைவிட அந்தப் போத்தலிலைதான் பட்சம்" என்று பகிடி பண்ணுவேனே தவிர, அதில் ஆபத்து இருக்கும் என்று எனக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை.

வழியில் காருக்குள் ஒரு மணம் வந்தது.

"இஞ்சாருங்கோ, என்னவோ மணக்குது."

"பெற்றோல் கார் பெற்றோல் மணக்காமல் மல்லிகைப்பூவே மணக்கும்?" என்றார்.

கண்ணாடியை இறக்கிவிட்டேன். வெயில் ஏறிக்கொண்டே வந்தது. இடையில் பெற்றோல் அடிக்க நெடுஞ்சாலை ஓரத்து நிலையம் ஒன்றில் நிறுத்தினோம். பக்கத்துக் காரில் இருந்து கட்டைத் தலைமயிரோடு ஒரு ஜெர்மன்காரப் பெண்மணி இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். கையில் பிடித்த வாரில் கன்றுக்குட்டி அளவில் ஒரு நாய். அது நேரே எங்கள் டிக்கியடிக்கு வந்து, மூக்கை வைத்து மணந்துவிட்டு, குரைக்கத் தொடங்கியது. எனக்கு நாய் என்றாலே உயிர் போகும்.

"பயத்தம்பணியாரத்தின்ரை வாசம் பிடிச்சிட்டுது போல" என்று இவர் சிரித்தார்.

அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. டிக்கியைக் காட்டிக் கத்தினார். பம்பைத் தொடவேண்டாம் என்று கையை வீசினார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது.

"விடும், வெளிநாட்டுக்காரரைக் கண்டால் இதுகளுக்குக் கத்தாமல் இருக்க ஏலாது. வாரும் போவம்" என்றார் இவர்.

எனக்கு அப்படிப் போக மனம் வரவில்லை. பட்டுச்சேலையும் பூவுமாக இறங்கி, இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று போனேன். கிட்டப் போனதும்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன சொல் காதில் விழுந்தது. 'பென்சீன்.' பெற்றோலுக்கு ஜெர்மன் சொல்.

இவர் டிக்கியைத் திறந்தார். மணம் முகத்தில் அறைந்தது. வெயில் சூட்டில் போத்தல் ஊதிப் பருத்துப்போய்ப் படுத்துக்கிடந்தது. மூடியடியால் பெற்றோல் கசிந்திருந்தது. போத்தல் உருளாமல் இருக்க என் கெட்டிக்காரக் கணவர் முட்டுக் கொடுத்திருந்தது எதை என்கிறீர்கள்? கூறைச்சேலைப் பையை!

அதற்குப் பிறகு எல்லாம் அந்தப் பெண்மணிதான். காரை ஸ்டார்ட் பண்ண விடவில்லை. நின்றவர்களைச் சேர்த்துத் தள்ளுவித்து, ஒதுக்குப்புறமாக நிறுத்தி, கதவு டிக்கி எல்லாவற்றையும் திறந்துபோட வைத்தார். நிலையத்து ஊழியர் வந்து போத்தலைப் பக்குவமாக எடுத்துக்கொண்டு போனார். நான் கூறையை விரித்துப் பார்த்தேன். ஒரு கரை நனைந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண்மணி ஒரு தலைப்பைப் பிடித்தார், நான் மறு தலைப்பைப் பிடித்தேன். புல்வெளியில் நின்று அந்தச் சிவப்புச் சேலையைக் காற்றில் பிடித்துக் காயவைத்தோம். போகிற லொறிக்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன். இதை உடுத்துத்தான் பொம்பிளை தாலி வாங்குவாள், பிறகு இருவரும் அக்கினியைச் சுற்றி வருவார்கள் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"நெருப்பா?" என்றார் அவர். முகத்தில் இரத்தமே இல்லை. தலையை இருபக்கமும் ஆட்டினார். கூடாது.

ஈரம் போய்விட்டது. மணம் போகவில்லை. பேசாமல் மடித்துக் கொண்டுபோய்த் தட்டில் வைத்தால் யாருக்குத் தெரியும் என்று ஒரு நினைவு வந்தது உண்மை. கூறைக்கு ஒன்று நடந்தால் அபசகுனம் என்று நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்களே! ஆனால் அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. காருக்குத் தூரமாகப் போய் நின்று, கைத்தொலைபேசியில் பொம்பிளையின் தாயைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு தொலைபேசி கை மாறியது. மணப்பெண்ணே பேசினாள். இங்கே வளர்ந்த பிள்ளை.

"மச்சாள், நான் இப்ப உடுத்திருக்கிறதும் புதுச்சேலைதான். எரியாமல் இருந்தால் எனக்குக் காணும். நீங்கள் பத்திரமா வாங்கோ."

எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது.

புறப்படும்போது அந்தப் பெண்மணி தன் காரில் இருந்து பெற்றோலுக்கென்றே செய்த கான் ஒன்றை, வெறுமையாக, எடுத்துவந்து இவரிடம் கொடுத்தார். நிலத்தில் வைத்துத்தான் நிரப்பவேண்டும், காருக்குள் வைத்து அல்ல. வாய்மட்டத்துக்கு நிரப்பக்கூடாது, சூட்டில் விரிய இடம் விடவேண்டும். மூடியை இறுக்கி, நிமிர்த்தி, அசையாமல் கட்டவேண்டும். நாள்கணக்கில் காரில் விட்டுவைக்கக் கூடாது. கையாலும் வாயாலும் சொல்லிக் காட்டினார். வகுப்பில் பேச்சு வாங்கிய பிள்ளை மாதிரி இவர் தலையாட்டிக்கொண்டு நின்றார். பிறகு இவரே இதில் பெரிய பிரசங்கியாகிவிட்டார் என்பது வேறு கதை. நாலு தமிழர் கூடினால் போதும், தொடங்கிவிடுவார்.

கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு, தலையெல்லாம் பறட்டையாக, முகூர்த்தத்துக்கு மட்டுமட்டாகப் போய்ச் சேர்ந்தோம். "புதுவஸ்திரம் எண்டால் சரி" என்று ஐயர் ஒரு சொல்லில் முடித்துவிட்டார். கூறை காரோடு வெளியிலேயே நின்றது. முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள்தான். மூன்று தரம் தோய்த்து, பல்கனியில் காயப்போட்டு, அந்த வருஷத் தீபாவளிக்குப் பொம்பிளை அந்தக் கூறையை உடுத்தினாள். அவ்வளவு வடிவாக இருந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த மணவறையைத்தான். தாலி கட்டியாயிற்று. இருவரும் அக்கினியைச் சுற்றி வருகிறார்கள், நான் பின்னால் போகிறேன். ஐயர் நெய்யை விட்டார். சுவாலை குப்பென்று எழும்பியது. பொம்பிளையின் சேலைக்கரை அதன் பக்கத்தால் உரசுகிற மாதிரிப் போனது. ஒன்றும் நடக்கவில்லை. நான் எல்லோருக்கும் முன்னால் விம்மி அழுதுவிட்டேன்.

"தம்பி பிரிஞ்சு போறான் எண்டு அக்காவுக்குத் தாங்க ஏலாமல் கிடக்கு" என்று யாரோ சொன்னது கேட்டது. சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பெண்மணியின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அவர் கத்தியதை அவமானமாக எடுத்துக்கொண்டு நாங்கள் காரை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன். முன்பின் தெரியாத ஒருவர் என்னை அதட்டினால், கோபம் வந்தாலும், எதற்காக என்று ஒருதரம் நின்று கேட்காமல் இன்றுவரை நான் போவதில்லை.